ஆறு வாரச் சுகம்

“ஊசி போட்டாயிற்று, நாளைக்கு வேலைக்குப் போகலாம்.”

திருகோணமலை நகரிலும் அதன் வடக்கிலும் தெற்கிலும் நீளும் கரையோரக் கிராமங்களிலும் இந்த வாக்கியத்தைக் கேளாத உழைப்பாளி வீடு அரிது. இதிலே பிழை இருப்பதாக எவருக்கும் தோன்றுவதில்லை. தோள் நொந்தது, வைத்தியரிடம் போனார்கள், அவர் ஸ்டீரொயிட் ஊசி ஏற்றினார், நோவு நின்றது, வேலைக்குத் திரும்பினார்கள். நோய், மருந்து, சுகம் என மூன்று படிகளும் ஒழுங்காக முடிந்துவிட்டன. ஆனால் நான்காவது படியொன்று உண்டு. இரண்டு மாதமோ மூன்று மாதமோ கழித்து அதே தோள் முன்னிலும் மோசமாக நோகத் தொடங்குகிறது. இந்த நான்காவது படியைப் பற்றி ஊசி ஏற்றும் அறைகளிற் பேச்சில்லை. நாம் பேச வேண்டுவது அதைப் பற்றித்தான்.

நாம் வைத்தியர் அல்லோம். பாடசாலையொன்றிலே தமிழ் கற்பிப்பவர். வைத்தியத்தைப் பற்றிப் பேச உமக்கு என்ன உரிமை என்று கேட்போர் இருப்பர். அந்த உரிமையை நமக்கு இரண்டு பொருள்கள் தந்தன. ஒன்று, நமது வலது முழங்கை. மற்றது, நமது வகுப்பின் வரவுப் பதிவேடு.

முழங்கையை முதலிற் சொல்லிவிடுகிறோம். நாள் முழுவதும் கரும்பலகையில் எழுதி, இரவிலே விடைத்தாள் திருத்தி, இடையே வீட்டுக்குத் தண்ணீர் சுமந்த கை அது. முழங்கையின் வெளிப்புறத்திலே ஊசி குத்துவதுபோன்ற நோவு தொடங்கியது. துணி பிழிய முடியாமற் போயிற்று. பின்னர் தேநீர்க் கோப்பையைத் தூக்குவதே வேதனையாயிற்று. தனியார் இடமொன்றிலே மூன்று நிமிடத்தில் ஊசி ஏற்றினார்கள். மூன்றாம் நாள் நோவு மறைந்தது. விஞ்ஞானத்தை வாழ்த்தினோம், விடைத்தாட்கட்டை மீண்டும் அவிழ்த்தோம். மூன்றாம் மாதம் நோவு திரும்பி வந்தது. அப்போதுதான் அரசாங்க வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவிலே ஓர் அம்மையார் நம்மை மேசையருகே உட்கார வைத்தார். முன்கையை மேசையிற் கிடத்தி, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடிக்கச் சொன்னார். மற்றக் கையின் உதவியால் மணிக்கட்டை மேலே உயர்த்தி, பின் நொந்த கையால் மட்டும் மெல்ல மெல்ல இறக்க வேண்டும். பதினைந்து முறை, சற்று ஓய்வு, மீண்டும் பதினைந்து, மீண்டும் ஒரு பதினைந்து. “கொஞ்சம் நோகும், பயப்பட வேண்டாம். விடிந்தும் நோவு கூடியிருந்தால் மாத்திரம் பாரத்தைக் குறையுங்கள். மூன்று மாதம் விடாமற் செய்யுங்கள், சேர்” என்றார். செய்தோம். கை மீண்டது.

இனி வரவுப் பதிவேடு. பத்தாந்தர மாணவன் ஒருவனின் பெயருக்கு எதிரே, வாரத்தில் இரண்டு நாள், பின்பு மூன்று நாள் என வெறுமை பெருகத் தொடங்கியது. விசாரித்தபோது, தந்தையின் இடத்திலே கரைவலை இழுக்கிறான் என்றார்கள். தந்தையின் கதையும் நமது முழங்கையின் கதையைப்போலவே தொடங்கியிருந்தது. அவருக்கு நொந்தது தோள். முதல் ஊசி ஏற்றியபோது சில நாள் ஓய்வு எடுக்கச் சொன்னார்களாம். மூன்றாம் நாள் அவர் கயிற்றைப் பிடித்துவிட்டார். இரண்டு மாதத்தில் இரண்டாவது ஊசி. பின்பு வேறோர் இடத்தில் மூன்றாவது. ஒருநாள் வலை பாரமாக வந்துகொண்டிருக்கையில் தோளுக்குள்ளே ஏதோ அறுந்ததுபோல இருந்ததாம். அதன்பின் அந்தக் கை காதுக்கு மேலே உயரவில்லை. ஊசிதான் அறுத்தது என்று நாம் சொல்லவில்லை. கயிறும் அறுத்தது, ஆண்டுக்கணக்கான உழைப்பும் அறுத்தது. நோவு என்ற எச்சரிக்கையை அடக்கிவிட்டு அந்தத் தோளைக் கயிற்றுக்கே திருப்பி அனுப்பிய ஏற்பாடு எது என்பதே நமது கேள்வி.

ஒரே வகை நோய். ஒரே வகை ஊசி. நோவு திரும்பியதும் ஒரேபோல. ஒருவன் கை மீண்டு கட்டுரை எழுதுகிறான். மற்றவர் கை முடங்க, அவர் மகனின் படிப்பும் முடங்குகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை அறிய, நோயின் இயல்பை முதலிற் காணவேண்டும்.

* * *

தசையை எலும்போடு பிணைக்கும் வெண்மையான, உரமான நாரையே தசைநாண் என்கிறோம். வில்லுக்கு நாண்போல உடலுக்கு இது. நம் மக்கள் இதையும் “நரம்பு” என்றே சொல்வர். “நரம்பு பிடித்துவிட்டது” என்று அவர்கள் கூறுவதிற் பெரும்பகுதி உண்மையில் தசைநாணின் நோவேயாகும். தோளிலும் முழங்கையிலும் முழங்காலிலும் குதிக்காலிலும் இது மிகுதி.

இந்த நோவை நெடுங்காலம் அழற்சி என்றே வைத்தியர்கள் கருதினர். அழற்சி எனின் அதை அணைக்க வேண்டும். அணைப்பதற்கான மருந்து இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948 ஆம் ஆண்டிலே கிடைத்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலே பிலிப் ஹென்ச் என்ற வைத்தியர், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கோர்ட்டிசோனை ஏற்றினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950 இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்புகிறது என்பதையும், நீடித்துக் கொடுத்தால் வேறு கேடுகள் சூழ்கின்றன என்பதையும் ஹென்ச்சும் அவர் கூட்டத்தாருமே விரைவிற் கண்டனர். 1951 அளவில் இம்மருந்தின் இனமொன்றை மூட்டுக்குள்ளேயே ஏற்றும் வழக்கம் பிறந்தது. அங்கிருந்து தசைநாணுக்கும் அது பரவியது.

மூட்டுவாதத்திலே பயன் தந்தது தசைநாணிலும் தந்ததா? ஆறு வாரக் கணக்குப் பார்த்தால், ஆம். ஓராண்டுக் கணக்குப் பார்த்தால் விடை வேறு. 2002 இல் ‘லான்செட்’ இதழில் வெளியான நெதர்லாந்து ஆய்வு முழங்கை நோவுற்ற 185 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தது. ஒரு கூட்டத்துக்கு ஊசி. ஒரு கூட்டத்துக்கு இயன்மருத்துவம். மூன்றாவது கூட்டத்தார் பொறுத்திருந்தனர். ஆறாம் வாரத்தில் ஊசி பெற்றோரில் நூற்றுக்கு 92 பேர் தேறினர். இயன்மருத்துவம் பெற்றோரில் 47 பேர். பொறுத்திருந்தோரில் 32 பேர். இங்கே நிறுத்திவிட்டால் ஊசிக்கே வெற்றிமாலை சூட்டவேண்டும். ஆய்வாளர் நிறுத்தவில்லை. ஐம்பத்திரண்டாம் வாரத்தில் எண்கள் தலைகீழாயின. ஊசிக் கூட்டத்தில் 69. இயன்மருத்துவக் கூட்டத்தில் 91. சும்மா பொறுத்திருந்த கூட்டத்தில் 83. ஒன்றுமே செய்யாதவன், ஊசி போட்டவனை முந்திவிட்டான்!

இது ஒரு நாட்டின் விந்தையன்று. அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 198 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006 இல் வெளிவந்தது. ஊசியால் முதலிற் குணங்கண்டோருள் நூற்றுக்கு 72 பேருக்கு நோவு திரும்பியது. அங்கேயே 165 பேரிடம் நடத்தி 2013 இல் வெளியிட்ட ஆய்விலே பாதிப்பேருக்கு மருந்து ஊசியும் மறுபாதிக்கு வெறும் உப்புநீர் ஊசியும் ஏற்றப்பட்டன. மருந்து பெற்றோரில் 54 வீதத்தினருக்கும் உப்புநீர் பெற்றோரில் 12 வீதத்தினருக்கும் நோவு திரும்பியது. நாம் காசு கொடுத்து வாங்கும் சுகம் எத்தனை வாரத்துக்குரியது என்பதை இந்த எண்கள் சொல்லுகின்றன.

காரணம் யாது? நாட்பட்ட தசைநாண் நோவிலே அழற்சி முதன்மையானதன்று; நாணின் இழைகளே ஒழுங்கு குலைந்து தேய்ந்திருக்கின்றன என்பது நுணுக்குக்காட்டியின் கீழே தெளிவாயிற்று. “அழற்சி என்ற கட்டுக்கதையைக் கைவிடுவோம்” என்ற பொருளில் 2002 இல் பிரித்தானிய மருத்துவ இதழே ஆசிரியவுரை வெளியிட்டது. பாரத்தால் நைந்த கயிற்றுக்கு வேண்டுவது முறுக்கு. ஊசியோ நோவை அடக்குகிறது. இழையை நெய்யும் உயிரணுக்களின் வேலையையும் சேர்த்து அடக்குகிறது. நோவில்லாத மனிதன் நைந்த கயிற்றிலே முழுப்பாரத்தையும் தொங்கவிடுகிறான்.

பயிற்சியின் வழி வேறு. சுவீடனின் ஊமியோ நகரத்து வைத்தியர் ஹோகன் அல்பிரெட்சன் 1998 இல் குதிக்கால் நாண் நொந்த 15 ஓட்டக்காரருக்கு, படியொன்றின் விளிம்பிலே நின்று குதியை மெல்ல இறக்கும் பயிற்சியை நாளுக்கு இருமுறை, 12 வாரம் கொடுத்தார். பதினைவரும் மீண்டும் ஓடினர். 2009 இல் டென்மார்க்கிலே முழங்கால் நாண் நொந்த 39 ஆடவரைப் பரிசோதித்தனர். பன்னிரண்டாம் வாரத்தில் ஊசி பெற்றோரும் பயிற்சி செய்தோரும் தேறியே நின்றனர். அரையாண்டிலே ஊசிக் கூட்டம் சரிந்தது. பயிற்சிக் கூட்டம் நிலைத்தது. அளவோடு ஏற்றி, ஓய்வு கொடுத்து, மீண்டும் ஏற்றும் பாரத்தை நாணிலுள்ள உயிரணுக்கள் உணருகின்றன. உணர்ந்து இழை நெய்கின்றன. பழுதுபட்ட பகுதியைச் சூழ்ந்த நல்ல இழைகளும் தசையும் உரம் பெறுகின்றன.

இந்த வேலை ஏன் ஆறு வாரத்தில் முடிவதில்லை? 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வானிலே வெடித்த அணுகுண்டுகள் காற்றிலுள்ள கதிரியக்கக் காபனை மிகுவித்தன. அக்காலத்தில் வளர்ந்த உடல்களிலே அதன் தடம் பதிந்தது. அந்தத் தடத்தைக் கொண்டே டென்மார்க் விஞ்ஞானிகள் 2013 இல் குதிக்கால் நாணின் வயதைக் கணித்தனர். நாணின் நடுப்பகுதி ஏறக்குறையப் பதினேழு வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அதன்பின் பெரும்பாலும் புதுப்பிக்கப்படுவதில்லை. அழிப்பதற்கென்று செய்த குண்டு நமக்கு ஓர் உண்மையைச் சொல்லிவிட்டது. ஒருவன் ஆயுள் முழுவதும் உழைக்கப்போகும் நாண், அவன் நம் வகுப்பறையிலே அமர்ந்திருக்கும் வயதில் முற்றுகிறது. பத்தாந்தர மாணவனைக் கரைவலைக் கயிற்றிலே நாள்தோறும் பூட்டுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

* * *

இங்கே நமது தோழர் ஒருவர் குறுக்கிடுவார்: “உடற்பயிற்சி என்பது உண்டு கொழுத்தவனின் பொழுதுபோக்கு. கரைவலை இழுப்பவனுக்கும் சீமெந்து மூட்டை சுமப்பவனுக்கும் பயிற்சி செய் என்று உபதேசிப்பது கேலியல்லவா? அவன் விடியல் தொடங்கிப் பயிற்சிதானே செய்கிறான்?”

கேள்வியில் நியாயமான சினம் உண்டு. ஆனால் உழைப்பையும் பயிற்சியையும் ஒன்றாக்கும் மயக்கமும் உண்டு. பயிற்சியிலே பாரத்தின் அளவைச் செய்பவன் தீர்மானிக்கிறான். கரைவலையிலோ கடலும் சம்மாட்டியும் தீர்மானிக்கிறார்கள். பயிற்சி பதினைந்தோடு நிற்கும். வலை கரைக்கு வரும்வரை கயிறு நில்லாது. பயிற்சிக்குப் பின் நாணுக்கு ஓய்வு உண்டு. வலைக்குப் பின் அடுத்த வளைப்பு உண்டு. சீனன்குடாவின் ஆலைப் பக்கத்திலே 50 கிலோ சீமெந்து மூட்டையை லொறியில் ஏற்றுபவன், தோள் நோகிறது என்று 25 கிலோ மூட்டை கேட்க முடியுமா? ஒரே திசையில், ஓய்வின்றி, களைத்த பின்னும் தொடரும் பாரம் நாணை நைக்கிறது. அளந்து ஏற்றிய பாரம் அதை வளர்க்கிறது. பாரம் இரண்டிலும் உண்டு. அதன் மீதுள்ள அதிகாரம் யாரிடம் என்பதிலேதான் நோயும் சுகமும் பிரிகின்றன.

இன்னொரு கூட்டத்தார் நாம் ஊசியைக் குறைகூறக் கேட்டு மகிழ்ந்து ஓடிவருவர். “ஆங்கில மருந்தெல்லாம் நஞ்சு. எண்ணெய் பூசி இழுத்துவிட்டால் தீரும்” என்பர். அவர்களோடும் நமக்கு உறவில்லை. பரியாரியாரின் எண்ணெயும் தடவலும் நொந்த உடலுக்கு இதம் தரலாம். ஆனால் நைந்த நாணை இழுத்து முறிப்பதைச் சுகமென்று நாம் ஒப்புக்கொள்ளோம். ஊசிக்கு இடமில்லை என்றும் நாம் சொல்லவில்லை. விரல் மடிந்து நிமிர மறுக்கும் நோயிலும், பெருவிரலடியின் நாணுறை நோவிலும், தோள் இறுகும் நோயின் தொடக்கத்திலும் ஊசி நற்பயன் தருகிறது. இரவெல்லாம் உறங்காது தவிப்பவனுக்கு, பயிற்சியைத் தொடங்குவதற்கான இடைவெளியை அது பெற்றுத்தரவுங் கூடும். 2022 இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றிலே, குதிக்கால் நாண் நொந்த நூறு பேருள் பயிற்சியோடு ஊசியும் பெற்றவர்கள், பயிற்சியோடு போலியூசி பெற்றவர்களைவிட அரையாண்டில் நன்றாகத் தேறினர். நாண் முற்றாக அறுந்தவனுக்குச் சத்திரசிகிச்சையும் வேண்டியதாகலாம். இவற்றை மறைத்துப் பேசுவது பிரசாரமாகுமேயன்றி விஞ்ஞானமாகாது. பயிற்சியை விட்டுவிட்டு ஊசியை மட்டும் திரும்பத் திரும்ப ஏற்றி, அதற்குச் சுகம் என்று பெயரிடும் வழக்கத்தையே நாம் எதிர்க்கிறோம். நீரிழிவுள்ளோர்க்கு இந்த ஊசி சில நாட்கள் சீனியின் அளவை உயர்த்தும் என்பதும், ஏற்றிய இடத்திலே தோல் மெலிந்து வெளிறக்கூடும் என்பதும் எத்தனை பேருக்கு முன்கூட்டியே சொல்லப்படுகின்றன?

மருந்துக் கம்பனிகளின் சதியென்று கூறி முடித்துக்கொள்வதும் எளிது. அக்கம்பனிகளின் கொள்ளையை இந்நாட்டு மக்களுக்குக் காட்டியவர் பேராசிரியர் சேனக பிபிலே. டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்காவும் அவரும் அளித்த அறிக்கையின் வழி 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் பிறந்தது. அதன் முதல் தலைவரும் பிபிலேயே. எந்த மருந்து மக்களுக்கு வேண்டும் என்பதை வியாபாரி தீர்மானிக்கக் கூடாது என்பதே அவர் நிலைநாட்டிய நெறி. ஆனால் நமது பொருளிலே மருந்தின் விலை பெரிதன்று. இந்த ஊசிமருந்து பழையது, மலிவானது. இங்கே விற்கப்படுவது மருந்தைவிட நேரமே. ஊசிக்கு மூன்று நிமிடம் போதும். ஒருவனுக்குப் பயிற்சியை விளங்கவைக்க அரை மணித்தியாலம் வேண்டும். மாலைநேரத்தில் வரிசையாகக் காத்திருப்போரை நோக்கும் தனியார் அறையிலே அந்த அரை மணித்தியாலத்துக்கு இலாபமில்லை. வேலை கொடுப்பவனுக்கோ பன்னிரண்டு வாரத்திலே இலாபமில்லை. தொழிலாளிக்கும் நாளைய உலைக்கு அரிசி வேண்டும். மூவரின் அவசரமும் ஒரு சிறிய ஊசிமுனையிலே சந்திக்கின்றன. அவற்றுள் வைத்தியரின் அவசரமும் முதலாளியின் அவசரமும் பணமாகின்றன. தொழிலாளியின் அவசரம் மட்டும் அவன் தோளையே விலையாகக் கேட்கிறது.

மருந்து பற்றிய அதிகாரத்திலே வள்ளுவர், கற்றறிந்த வைத்தியன் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் கருதவேண்டும் என்றார். வைத்தியத்தையே நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என நான்காகவும் பகுத்தார். இன்றைய அவசர வைத்தியம் அந்த நான்கிலே மருந்தை மாத்திரம் வைத்துக்கொண்டது; காலத்தையோ கணக்கிலேயே எடுக்கவில்லை.

* * *

இந்நோயின் பெயரையே பாருங்கள். முழங்கையின் வெளிப்புற நோவுக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் ‘டெனிஸ் எல்போ’. 1883 இல் இங்கிலாந்தின் மருத்துவ இதழிலே, புல்தரையிற் பந்தாடிய கனவான்களின் கையைக் குறித்து இட்ட பெயர் அது. சலவைத் தொழிலாளியின் கையும் கொத்தனின் கையும் தச்சனின் கையும் அதற்கு முன்பே நொந்துகொண்டிருந்தன. ஆனால் பெயரிடும் அதிகாரம் புல்தரையிலே இருந்தது. 2004 இல் சச்சின் டெண்டுல்கரின் முழங்கை நொந்தபோது நாளேடுகள் அந்த மூட்டின் உள்ளமைப்பையே படமாக வரைந்தன. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலே ஐஸ் உடைக்கும் கைகளுக்குப் படம் வரைவார் இல்லை. இத்துறைமுகத்தை ஆண்ட பிரித்தானியக் கடற்படை 1957 இல் தளத்தைக் கையளித்துப் போயிற்று. அவர்களுக்காகச் சுமந்த தோள்கள் என்னாயின என்று எழுதியவரும் இல்லை.

சட்டமும் இந்தக் குருட்டுத்தன்மையிற் பங்கு கொள்கிறது. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டினது. அது விபத்தை மையமாகக் கொண்டு பிறந்தது. விரல் துண்டானால் நாளும் நேரமும் சொல்லலாம், சாட்சியும் காட்டலாம். பத்தாண்டாக நைந்த நாணுக்கு எந்த நாளைச் சொல்வது? எந்தச் சாட்சியைக் காட்டுவது? பிடிபாட்டிலே பங்குக்கு வலை இழுப்பவனுக்கு நியமனக் கடிதமும் இல்லை. சேமலாப நிதியும் இல்லை. சுகவீன விடுமுறையும் இல்லை. கரைக்கு வராத நாளிலே பங்கும் இல்லை.

இப்போது நமது முழங்கைக்கும் அந்தத் தந்தையின் தோளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு விளங்கும். நாம் பயிற்சி செய்த பன்னிரண்டு வாரமும் மாதச் சம்பளம் வந்தது. வைத்திய விடுமுறை கிடைத்தது. சக ஆசிரியர்கள் நமக்காகக் கரும்பலகையில் எழுதினர். நமது மனவுறுதியைப் புகழ வந்தவர்களிடம் நாம் சொன்னது ஒன்றே: அந்த மனவுறுதிக்குச் சம்பளப் பட்டியல் முட்டுக்கொடுத்தது. அந்தத் தந்தைக்கும் அதே தண்ணீர்ப் போத்தல் கிடைத்திருக்கும். அதே பதினைந்தை எண்ணவும் அவருக்குத் தெரியும். கிடையாதது காலம் ஒன்றே. ஆகவே, “ஊசி வேண்டாம், பயிற்சி செய்” என்று சொல்லி வாயைக் கழுவிக்கொள்பவர், “ஊசி போட்டு வேலைக்குப் போ” என்பவரைவிட எவ்வகையிலும் உயர்ந்தவரல்லர். ஒருவர் தோளைக் கெடுக்கிறார். மற்றவர் கெட்டதற்குத் தோளுக்குரியவனையே குற்றஞ்சாட்டுகிறார்.

அப்படியாயின் செய்யவேண்டுவது யாது? பெரும் பணமும் பெரும் இயந்திரமும் வேண்டுவதில்லை. 2021 இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்று தோள்நாண் நொந்த 708 பேரை எடுத்துக்கொண்டது. சிலருக்கு ஆறு முறைவரை பயிற்றுநரின் கண்காணிப்பு. சிலருக்கு ஒரேயொரு முறை நல்ல விளக்கமும் வீட்டிற் செய்யும் பயிற்சியும். ஓராண்டின் முடிவில் இரு சாராரும் ஒரே நிலையில் நின்றனர். ஊசி ஏற்றியோருக்கு எட்டாம் வாரத்திற் சிறிது நன்மை தெரிந்தது. ஓராண்டில் அதுவும் மறைந்தது. பணக்கார நாட்டு ஆய்வு ஏழை நாட்டுக்கு இதைவிட நல்ல செய்தியை அனுப்பியிருக்க முடியாது. ஒருமுறை, ஒழுங்காக, நோயாளியின் மொழியில் விளங்கச் சொன்னாற் போதும்!

எனவே நாம் கேட்பன இவை. ஊசி ஏற்றுமுன் ஆறு வாரத்தின் கதையையும் ஓராண்டின் கதையையும் நோயாளிக்குச் சொல்லவேண்டும். அவற்றைக் கேட்டபின் தெரிவு செய்வது அவன் உரிமை. இலவச வைத்தியத்தைப் பெருமையாகக் கொண்ட இந்நாட்டிலே, ஒவ்வோர் அரசாங்க வைத்தியசாலையும் தசைநாண் நோவோடு வருபவருக்கு ஒரு முறையேனும் பயிற்சி விளக்கம் அளித்து, படத்தோடு கூடிய தாளொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் கையிற் கொடுக்கவேண்டும். துறைமுகத்திலும் ஆலைகளிலும் கரைவலையிலும் நொந்த கைக்குச் சில வாரம் இலகுவான வேலையும் குறையாத கூலியும் கிடைக்கத் தொழிற்சங்கங்களும் மீனவர் சங்கங்களும் போராடவேண்டும். கயிற்றிலிருந்து விலக்கி மீன் தெரிக்கவும் வலை உலர்த்தவும் ஒருவரை விட்டால் எந்தச் சம்மாட்டியும் ஓட்டாண்டியாகிவிடமாட்டார். மெல்ல நையும் உடலையும் நட்டஈட்டுக்குரிய உடலாகச் சட்டம் ஏற்கவேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடம் நம் பாடசாலைகளில் உண்டு. அந்தப் பாடவேளையை மைதானத்துக்கு அனுப்பியோ பரீட்சைக் குறிப்பாக்கியோ தீர்த்துவிடுகிறோம். தசைநாண் என்றால் என்ன, பாரத்தை எப்படி அளந்து ஏற்றுவது, நோவு எதைச் சொல்கிறது என்பவற்றை ஒரு மாணவனுக்குக் கற்பித்தால் அவன் வீட்டிலே நான்கு உழைப்பாளிகளுக்கு அது போய்ச்சேரும். மாணவத் தோழர்களே, நீங்கள் நாளை வைத்தியராகலாம், இயன்மருத்துவராகலாம், தொழிற்சங்கவாதியாகலாம். எதுவானாலும், நோவு நின்றதா என்பதோடு நில்லாமல், ஓராண்டின் பின் அந்தக் கை என்ன செய்கிறது என்று கேட்கப் பழகுங்கள்.

அந்தத் தந்தை இப்போது வலை இழுப்பதில்லை. கரையிலிருந்து மீன் தெரிக்கிறார். அரசாங்க வைத்தியசாலையிலே காட்டிக்கொடுத்தபடி, காலையும் மாலையும் சுவரில் விரல்களை ஊன்றிக் கையை மேலேற்றிப் பழகுகிறார். கை தோள்மட்டத்தைத் தாண்டிவிட்டது. இன்னும் காதைத் தொடவில்லை. மகன் வாரத்தில் நான்கு நாள் வகுப்புக்கு வருகிறான். ஐந்தாவது நாளுக்கு உரிய இடம் நமது பதிவேட்டிலே வெறுமையாகக் கிடக்கிறது. அதை நிரப்ப எந்த வைத்தியராலும் முடியாது. அது நாம் எல்லோருஞ் சேர்ந்து நிரப்பவேண்டிய இடம்.